தவம் மிஸ்ஸின் லொறி

சாம்பல் அள்ளுகிற காடாத்திச் சடங்கு முடிந்த மறுநாள் காலை தவமலரின் கைத்தொலைபேசி அடித்தது. அது ஹோலில், ஷோகேசின் மேல் சார்ஜில் கிடந்தது. அவள் போன பிறகும் பாலசுந்தரம் அதை ஒழுங்காகச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் மோட்டர் போடுவது, கேற் பூட்டுவது மாதிரி அதுவும் வீட்டில் ஒரு வேலை.

"மிஸ், ஹபீஸ் பேசுறன். உங்கட சாமான் எல்லாம் வந்திட்டு. கேசிங் மட்டும்தான் நீங்க இன்னும் சொல்லல்ல. சொன்னீங்கண்டா இண்டைக்கே பூட்டிடலாம்."

"நான் மிஸ்ஸின்ரை அண்ணன்."

"ஆ, அங்கிளா? மிஸ் கிளாஸ்லயா?"

"மிஸ் மோசம் போயிட்டா, தம்பி. போன கிழமை."

அந்தப் பக்கத்தில் யாரோ பெட்டி உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. ஹபீஸ் அவளிடம் சாதாரண தரத்துக்குக் கணக்குப் படித்தவன். இப்போது பம்பலப்பிட்டியில் கொம்பியூட்டர் பாகங்கள் விற்கிறான். அவன், "அங்கிள், அந்தச் சாமானப் பத்தி நீங்க யோசிக்க வேணாம். நான் பாத்துக்கிறன்" என்றான்.

"இல்லை. நான் வாறன்."

சேட்டு மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டவரைக் குசினி வாசலில் நின்று கமலாட்சி மறித்தாள். பாமன்கடையில் இருக்கிற மச்சாள். செத்தவீட்டுச் சமையலையும் சடங்கையும் அவளே பொறுப்பெடுத்திருந்தாள்.

"எங்கை அத்தான்?"

"கொம்பியூட்டர் கடைக்கு."

"துடக்கு வீட்டிலையிருந்து கொம்பியூட்டர் கடைக்கோ?"

"சாமான் வந்திட்டுதாம்."

கமலாட்சி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். செத்தவீடு நடந்த நாளிலிருந்தே அவளுக்கு இந்த மனிதரைப் பற்றி ஒரு பயம் இருந்தது. அவர் அழவில்லை. வாடகைக் கதிரைகள் வந்தபோது கால் ஆடுகிற கதிரைகளைப் பிரித்து ஒரு பக்கம் வைத்தார். பந்தல் போட்டவனிடம் கயிறு சரியாக இழுபடவில்லை என்று அவிழ்த்துக் கட்டச் சொன்னார். "ஒருக்கா அழுங்கோவன் அத்தான், நெஞ்சு லேசாகும்" என்று அவள் சொன்னதற்கு, "பிறகு பாப்பம்" என்றார், ஏதோ மின்சாரக் கட்டணம் கட்டுகிற விசயம் மாதிரி.

தவமலரை வெள்ளவத்தையில் தவம் மிஸ் என்றால்தான் தெரியும். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், கராஜ் ஒன்றை மறித்து எடுத்த அறையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கணக்கு வகுப்பு நடத்தினாள். கணக்கில் சித்தி வராமல் உயர்தரத்துக்குப் போக வழியில்லாமல் நிற்கிற பிள்ளைகள்தான் அவளிடம் வருவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளை அவள் எடுப்பதில்லை. "அவைக்கு நான் தேவையில்லை" என்பாள். ஒரு கணக்கை ஏழு விதமாகச் சொல்லிக் கொடுப்பாள், எட்டாவது தரம் பிள்ளையையே சொல்லச் சொல்வாள். பாலசுந்தரத்துக்கு அவளைவிட ஐந்து வயது கூட. அவர் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டு, புறக்கோட்டையில் இரும்புக் கடையொன்றில் களஞ்சியப் பொறுப்பாளராகச் சேர்ந்தவர். அந்தச் சம்பளத்தில்தான் அவள் பட்டம் பெற்றாள். இதை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. ஆனால் சலூனில், பார்மசியில், பஸ்ஸில், யாராவது "நீங்க தவம் மிஸ்ஸின்ர அண்ணனா?" என்று கேட்டால், சேட்டுக் கழுத்தைச் சரிசெய்துகொண்டு "ஓம்" என்பார். இருவருக்கும் கலியாணம் அமையவில்லை. கடைசித் தம்பி சாந்தன் கனடாவில். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் அண்ணனும் தங்கச்சியும் இருந்தார்கள்.

அவளுக்கு லொறிப் பைத்தியம் பிடித்தது கீழ்வீட்டு ஹியூபேட்டால்.

ஹியூபேட் கொட்டாஞ்சேனைக்காரர். கப்பலில் சமையற்காரராக இருந்து ஓய்ந்தவர். மகன் வெளிநாடு போகும்போது தன் கொம்பியூட்டரை விட்டுவிட்டுப் போக, அதில் லொறி ஓட்டுகிற விளையாட்டொன்றைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க இருப்பார். ஒருநாள் பின்னேரம் தவமலர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்க, கீழேயிருந்து லொறி ஹோன் விடாமல் அடித்தது. கோபமாக இறங்கிப் போனாள். இரவுச் சாப்பாட்டுக்குத்தான் மேலே வந்தாள்.

"என்ன, சண்டை இவ்வளவு நேரமோ?"

"அண்ணை, நான் ஜெர்மனியிலை ஒரு லொறியைக் குடை சாய்ச்சுப்போட்டு வாறன்."

வாழ்நாள் முழுக்க பஸ்ஸில் போன பெண். இளவயதில் ஒருமுறை கிருலப்பனையில் கார் பழகப் போய், பழக்குகிறவன் கத்தியதில் இரண்டாம் நாளே விட்டுவிட்டாள். விளையாட்டில் கத்துகிறதற்கு ஆளில்லை. பனி கொட்டுகிற வீதிகளில், வலது பக்கம் ஓடுகிற நாடுகளில், பெரிய கொள்கலன் லொறியை அவள் ஓட்டினாள். முதல் நாட்களில் நம்மூர்ப் பழக்கத்தில் இடது பக்கமே போய், எதிரே வருகிற எல்லாரையும் முட்டினாள். முன்னுக்கு ஓட்டப் பழகிய பிறகும், பின்னுக்கு எடுத்துச் சரக்கு மேடையில் நிறுத்துவது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.

அதற்குத்தான் அண்ணன் தேவைப்பட்டார். பாலசுந்தரம் லொறி ஓட்டியதே இல்லை. ஆனால் புறக்கோட்டையின் ஒடுங்கிய தெருக்களில், சுமை தூக்குகிற நாட்டாமிமாரையும் மூட்டைகளையும் விலக்கி, முப்பத்தெட்டு வருடம் லொறிகளைப் பின்னுக்கு எடுப்பித்தவர். கீழ்வீட்டில் அவளுக்குப் பக்கத்தில் நின்று, கையை நீட்டி, திரையைப் பார்த்துச் சிங்களத்தில் சொல்வார்: "எண்ட, எண்ட, எண்ட... தவ டிக்கக்... ஹரி!" வா, வா, இன்னும் கொஞ்சம், சரி. புறக்கோட்டையில் லொறி பின்னுக்கு வருவது அந்தச் சொல்லுக்குத்தான். அவர் "ஹரி" என்றதும் அவள் பிறேக்கை அமத்துவாள். கதவும் மேடையும் ஒட்டி நிற்கும். ஹியூபேட் கை தட்டுவார். "மிஸ் டிரைவர், பாலா கிளீனர். இனி நீங்க ரெண்டு பேரும் புறக்கோட்டைக்கே போகலாம், நான் அரிசி அனுப்புறன்."

ஒவ்வொரு நாளும் அடுத்த வீட்டுக் கதிரையில் போய் இருக்கிறது மரியாதையில்லை என்று அவளுக்குத் தோன்றியது. எங்கள் ஹோலில், எங்கள் பெரிய டிவியிலேயே ஒன்று பொருத்துவோம் என்றாள். அவளுக்கு லொறி. அவருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கிற பழைய படங்கள், நல்ல சத்தத்தோடு. அவருக்கு இடது காது கொஞ்சம் மந்தம். அதனால் படம் ஓடும்போது மெசினின் காற்றாடி இரையக்கூடாது. இது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

அந்த நிபந்தனையை அவள் ஒரு கணக்காக எடுத்துக்கொண்டாள். இரண்டு மாதம் பாகம் பாகமாகத் தெரிவு செய்தாள். புரசசர் என்றால் கணக்குப் போடுகிற ஆள், கிராஃபிக்ஸ் காட் என்றால் கரும்பலகையில் கீறுகிற ஆள் என்று அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். "படம் பாக்கிறதுக்குக் கணக்குப் போடுற ஆளே காணும். லொறிக்குத்தான் கீறுற ஆள் வேணும். அதாலை, வேலையில்லாத நேரம் காற்றாடியை நிப்பாட்டிப்போட்டு இருக்கிற காட்டாப் பாத்து எடுப்பம். நீங்கள் படம் பாக்கேக்கை அது நித்திரை." பவர் சப்ளையைத் தேவைக்கும் மேலான அளவில் எடுத்தாள். "பாதிப் பாரம் ஏத்தின லொறிக்கு இளைக்காது." சுழல்கிற ஹார்ட் டிஸ்க் வேண்டாம், அது முணுமுணுக்கும் என்று எஸ்எஸ்டி. ரேமைச் சோடியாக. டிவி நாலாயிரம் புள்ளி அகலமானது, ஆனால் லொறியை அவ்வளவு கூர்மையாக ஓட்டத் தேவையில்லை என்று கிராஃபிக்ஸ் காட்டில் ஒரு படி இறங்கினாள். அந்த மிச்சக் காசு சத்தத்துக்கு. டிவிக்குக் கீழே வைக்கிற நீள ஸ்பீக்கர் ஒன்று, அண்ணனின் வலது காதுப் பக்கம் பார்த்து.

கேசிங்கில்தான், எல்லாவற்றையும் அடக்குகிற பெட்டியில்தான், வந்தது சண்டை.

ஷோகேசில் டிவிக்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட தட்டொன்று வெறுமையாக இருந்தது. பாலசுந்தரம் அளவுநாடா பிடித்துப் பார்த்து, அதற்குள் சரியாக அடங்குகிற தட்டையான கேசிங் ஒன்றைக் கடைப் படத்தில் கண்டுபிடித்திருந்தார். கதவைச் சாத்தினால் ஒன்றும் தெரியாது. தூசு போகாது. ஹோல் ஹோலாகவே இருக்கும்.

"அலுமாரிக்குள்ளை வைக்கேலாது அண்ணை. அது மூச்சு விட வேணும். முன்னாலை காத்து இழுத்துப் பின்னாலை விடுற உயரமான கேசிங்தான் சரி. டிவிக்குப் பக்கத்திலை நிலத்திலை நிக்கட்டும்."

"வாற சனம் பாத்தா என்ன சொல்லும்? ஹோலுக்குள்ளை தண்ணித் தாங்கி மாதிரி."

"தவம் மிஸ்ஸின்ரை லொறி எண்டு சொல்லுங்கோ."

"பின்னுக்கு வயர் ஓட்டை இருக்கு, நானே வெட்டினது. காத்து அதாலை போகும்."

"அது வயருக்கு வெட்டினது. காத்துக்கு இல்லை."

அந்தச் சண்டை முடியவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை பாமன்கடையில் ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் படிப்பிக்கப் போனவள், பஸ் தரிப்பில் விழுந்தாள். தலைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். பின்னேரமே முடிந்தது.

கடையில் ஹபீஸ் எல்லாவற்றையும் கண்ணாடி மேசையில் அடுக்கி வைத்திருந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன. பாலசுந்தரம் ஒவ்வொரு பெட்டியையும் எடுத்து மாதிரி இலக்கம் பார்த்தார். களஞ்சியத்தில் சரக்கு இறக்குகிற மாதிரி. அவளுக்காக ஒதுக்கி வைத்த இரண்டு கேசிங்குகளும் சுவரோரம் நின்றன. உயரமானது ஒன்று, தட்டையானது ஒன்று.

"மிஸ் எதண்டு கடைசியா ஏதும் சொன்னாவா அங்கிள்?"

அவர் அளவுநாடாவை எடுத்துத் தட்டையானதன் மேல் பிடித்தார். ஷோகேஸ் தட்டுக்குள் விரல் இடம் விட்டு அடங்கும்.

"இது."

"இது சூட்ட மேலால விடும், அங்கிள். மேல கொஞ்சம் வெளியா ஈக்கணும்."

"ஓட்டை இருக்கு" என்றார் பாலசுந்தரம்.

ஹபீஸ் அவரோடு வாதாடவில்லை. இழவு வீட்டு மனிதரோடு யார் வாதாடுவது? அன்று மாலையே வீட்டுக்கு வந்து பொருத்தி, டிவியில் ஓட்டிக் காட்டிவிட்டு, காலணி போடும்போது தவமலரின் படத்தைப் பார்த்தான். தேத்தண்ணி குடிக்காமலே போனான்.

படம் ஷோகேசின் மேல், டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை அந்த விளக்கு இரவு பகல் அணையாமல் எரிய வேண்டும், நூரக்கூடாது. கமலாட்சி தேங்காயெண்ணெய்ப் போத்தலைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். ஹபீஸ் போனதும், டிவியும் அதுவரைக்கும் போடக்கூடாது என்று வெள்ளைச் சீலையால் மூடிவிட்டாள்.

அந்தச் சீலையை எடுக்க வைத்தவன் சாந்தன். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. செத்தவீட்டை யாரோ கைத்தொலைபேசியில் பிடித்துக் காட்ட, அரைவாசி நேரம் கூரைதான் தெரிந்ததாம். "அண்ணை, புது மெசின் இருக்கெண்டு சொன்னியள். எட்டுச் செலவை எண்டாலும் நாங்கள் வடிவாப் பாக்க வேணும். இங்கை எல்லாரும் வந்திருப்பினம்." பாலசுந்தரம் டிவிக்கு எதிரே கதிரையொன்றில் கமராவைப் பொருத்தி, படமும் படையலும் சரியாகத் தெரிகிறதா என்று சரிபார்த்தார். மெசின் ஓடுகிறதா என்பதே தெரியவில்லை. அவ்வளவு அமைதி. தான் சொன்னது சரிதான் என்று ஒரு எண்ணம் வந்து, போனது.

எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குத் தலைவாழை இலையில் அவளுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள். மரக்கறிகள், இறைச்சி, ஒழுங்கை முனைப் பேக்கரியின் மீன் ரோல்ஸ், கடற்கரையில் விற்கிற இறால் வடை. டிவி முழுக்கச் சொந்தக்காரர்கள் சின்னச் சின்னச் சதுரங்களில் இருந்தார்கள். கனடா, லண்டன், பிரான்ஸ். ஹியூபேட் ஒரு கதிரையில் ஓரமாக. ஹபீஸும் வந்து வாசலில் நின்றான். கமலாட்சி சாம்பிராணி காட்டத் தொடங்க, பெண்கள் அழத் தொடங்கினார்கள்.

"ஐயோ, விளக்கு நூந்து போச்சு!"

டிவிக்குள்ளிருந்து ஒரு கிழவியின் குரல். ஒன்றுவிட்ட பெரியம்மா, லண்டனில். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திரியில் புகை மட்டும்.

கமலாட்சி அவசரமாகக் கொளுத்தினாள். சுடர் எழும்பி, ஒரு பக்கம் சாய்ந்து, நடுங்கி, மறுபடியும் நூர்ந்தது. யன்னல்களைச் சாத்தினார்கள். மேல் காற்றாடியை நிறுத்தினார்கள். மூன்றாம் தரமும் நூர்ந்தது. டிவிச் சதுரங்களில் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

"அவளுக்கு மனம் ஆறேல்லை" என்றாள் பெரியம்மா. "என்னவோ குறை வைச்சிட்டியள்."

"வேறை என்ன குறை, உந்தச் சனியன்தான்!" கமலாட்சி கண்ணாடிக் கதவைக் கையால் காட்டினாள். "காடாத்தி முடிஞ்ச கையோடை விளையாட்டுச் சாமான் வாங்கின வீடு இந்தக் கொழும்பிலை வேறை இருக்கோ? உது போகுமட்டும் இந்த விளக்கு எரியாது, நான் சொல்லுறன்."

பாலசுந்தரம் இறால் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றில் இறாலே இல்லை, வெறும் வடை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தார்.

அன்றிரவு சாந்தன் தனியாகக் கூப்பிட்டான். "அண்ணை, கமலா மச்சாள் சொல்லுறது மூடத்தனம்தான். எண்டாலும் அக்கா இல்லாத வீட்டிலை உது ஏன்? நீங்கள் லொறி ஓட்டப் போறீங்களே? ஹபீஸ் திருப்பி எடுக்கிறானாம், கதைச்சிட்டன். அந்தியேட்டிக்கு முதல் குடுத்திடுங்கோ. சனத்தின்ரை வாயும் மூடும்."

"ம்" என்றார்.

அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அவர் லொறி ஓட்டப் போவதில்லை. அவள் ஓட்டினால்தான் அவருக்கு அதில் வேலை. மறுநாள் மெசினைக் கழற்ற உட்கார்ந்தவர், முதலில் ஒன்றைக் கவனித்தார். மெசின் நின்றிருந்தது, விளக்கு ஊசி மாதிரி நேராக எரிந்துகொண்டிருந்தது. விடியப்புறமும் அப்படித்தான் எரிந்தது. களஞ்சியத்தில் சரக்கு குறைந்தால் அவர் முதலில் திருடனைத் தேடுவதில்லை. கூரை ஒழுகுகிறதா, எலி இருக்கிறதா என்று பார்ப்பார்.

மெசினைப் போட்டார். விளக்கு அசையவில்லை. பழைய படமொன்றைப் போட்டுச் சத்தத்தைக் குறைத்து வைத்தார். அசையவில்லை. பிறகு தங்கச்சி ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த லொறி விளையாட்டைத் திறந்தார். அவர் ஒன்றையும் அமத்தவில்லை. லொறி ஒரு கொட்டிலில் நின்று இரைந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்குள் மெல்லிய ஊதல் ஒன்று எழும்பியது. சுடர் சாய்ந்தது.

அவர் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, டிவிக்குப் பின்னால், தானே துளைக்கருவியால் வட்டம் பிசகாமல் வெட்டிய வயர் ஓட்டைக்கு மேலே பிடித்தார். நேராக எழும்ப வேண்டிய புகை, ஓட்டையிலிருந்து வந்த சூட்டுக் காற்றில் அடிபட்டு, டிவியின் முதுகைத் தடவி, பக்கத்தால் வளைந்து, படத்துக்கு முன்னாலிருந்த சுடரின் மேல் போய் விழுந்தது. கதவைத் திறந்தார். புகை நேரானது. சாத்தினார். வளைந்தது. இத்தனை முகங்களை ஒரே நேரத்தில் காட்ட மெசின் பாடுபட்டிருக்கிறது, பாடுபட்டால் மூச்சு விட்டிருக்கிறது. விடுவதற்கு அவர் வைத்திருந்த ஒரே வாசல், அவள் படத்துக்குப் பக்கத்தில்.

அவர் ஊதுபத்தி முடியுமட்டும் பிடித்துக்கொண்டு நின்றார். சாம்பல் கையில் விழுந்தபோதும் அது சுட்டதாகத் தெரியவில்லை.

"மச்சாள், இங்கை வா."

கமலாட்சி வந்து பார்த்தாள். கதவைத் திறந்து காட்டினார், சாத்திக் காட்டினார். வகுப்பில் தவமலர் காட்டுகிற மாதிரி, இரண்டு தரம்.

"அப்ப காத்துத்தான் நூத்ததெண்டு சொல்லுறியள்."

"ஓம்."

"காத்தோ, தவமோ, எனக்கு ரெண்டும் ஒண்டுதான் அத்தான். நூந்தது நூந்ததுதான். உதைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ."

ஓட்டோ பிடித்து, மடியில் மெசினை வைத்துக்கொண்டு போனார். காலி வீதியில் நெரிசல். ஓட்டோக்காரன் கண்ணாடிக்குள் பார்த்து, "மொகத அங்கிள், டீவீ எகத?" என்று, டிவியா எனச் சிங்களத்தில் கேட்டதற்கு, "நங்கிகே லொறிய" என்றார். தங்கச்சியின் லொறி. அவன் சிரித்துவிட்டு ஓட்டினான்.

ஹபீஸ் மேசையில் இடம் ஒதுக்கி வைத்திருந்தான். "வையுங்க அங்கிள். சாந்தன் அண்ணா எல்லாம் சொன்னாரு. நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க, எல்லாத்தையும் நான் எடுத்துக்கிறன்."

பாலசுந்தரம் மெசினை வைத்தார். கையை எடுக்கவில்லை. சுவரோரம் அந்த உயரமான கேசிங் இன்னும் நின்றது. முன்பக்கம் முழுக்க வலை, பின்னால் அகன்ற வாய்.

"இதுக்குள்ளை இருக்கிறதெல்லாத்தையும் அதுக்குள்ளை மாத்தலாமோ?"

"மாத்தலாம். மிஸ்ஸுக்கு அதுலதான் விருப்..." ஹபீஸ் நிறுத்தினான். "அப்ப குடுக்கல்லையா?"

"கேசிங்கை மட்டும் மாத்தித் தா, தம்பி. மற்றதெல்லாம் அவள் தெரிஞ்செடுத்தது. சரியாத்தான் இருக்கு."

ஹபீஸ் ஒரு திருகாணியையும் வேலையாளிடம் விடாமல் தானே மாற்றினான். பாலசுந்தரம் ஒரு ஸ்டூலில் இருந்து பார்த்தார். கிராஃபிக்ஸ் காட்டைப் பொருத்தும்போது, அதன் இரண்டு காற்றாடிகளும் நின்றபடியே இருந்தன. அவருக்கு ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. திருகாணிகளைக் கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காததாகப் போடச் சொன்னார்.

வீட்டில், டிவிக்குப் பக்கத்தில், நிலத்தில் நிறுத்தினார். பின்பக்கத்தைப் பல்கனிப் பக்கம் திருப்பி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. ஷோகேசின் வயர் ஓட்டையை அளவாக வெட்டிய மரத்துண்டால் அடைத்தார். கமலாட்சி பார்த்தாள், வாயைத் திறந்தாள். அவர் லொறியை ஓடவிட்டு, படத்துக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு அவளை இருத்தினார். அவள் இருந்து சுடரைப் பார்த்தாள். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் பார்த்தாள். சுடர் அப்படியே நின்றது.

"சரி" என்றாள் கடைசியில். "ஆனா அந்தியேட்டி முடியுமட்டும் சீலை மூடித்தான் இருக்கும்."

"இருக்கட்டும்."

அந்தியேட்டி காலையில் கடற்கரையில் ஐயர் மந்திரம் சொல்ல, பின்னால் கோட்டை ரயில் போனது. பாலசுந்தரம் சொன்னதையெல்லாம் செய்தார். மத்தியானம் ஹோல் நிறையச் சனம் சாப்பிட்டது. வந்தவர்கள் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிற பெட்டியைப் பார்த்து, "இது என்ன?" என்றார்கள்.

"தவத்தின்ரை லொறி" என்றார் அவர், ஒவ்வொருவருக்கும்.

எல்லாரும் போய், கமலாட்சியும் சட்டிகளைக் கட்டிக்கொண்டு பாமன்கடைக்குப் போன பிறகு, ஹியூபேட் ஒரு சின்னப் பென்டிரைவோடு படியேறி வந்தார்.

"மிஸ் ஓட்டினது இதுல இருக்கு, பாலா. எங்க வீட்டு மெசின்ல கெடந்துச்சு. அழிக்க மனசு வரல்ல."

சீலையை எடுத்தார்கள். ஹியூபேட் எதையோ எங்கேயோ பிரதிபண்ணினார். திரையில் பனி வந்தது. ஒரு பெற்றோல் நிலையம், அதன் ஓரத்தில் இரண்டு வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே அவளுடைய நீல லொறி, கோடு பிசகாமல் நின்றது. வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. சரக்கு உறைய வைத்த மீன், இறக்க வேண்டிய இடம் தூரத்தில்.

"நீ ஓட்டு" என்றார் ஹியூபேட்.

"எனக்குத் தெரியாது."

"அவவுக்குத் தெரிஞ்சா ஓட்டினா?"

பாலசுந்தரம் கதிரையை இழுத்துப் போட்டு, கொன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்தார். லொறி துள்ளிப் புறப்பட்டது, நேராக இடது பக்கத்துக்குப் போனது, ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றது.

"அதே கம்பம்!" ஹியூபேட் தொடையில் அடித்தார். "மிஸ்ஸும் மொத நாள் அதுலதான் குடுத்தா. சரி சரி, பின்னுக்கு எடு. எண்ட, எண்ட, எண்ட..."

"அப்பிடிக் கதிரையிலை இருந்துகொண்டு சொல்லக்கூடாது. எழும்பி நிண்டு கையைக் காட்ட வேணும்."

ஹியூபேட் எழுந்து, டிவிக்குப் பக்கத்தில் நின்று, கொழுத்த கையை நீட்டினார். "எண்ட... எண்ட... தவ டிக்கக்..."

"டிக்கக் இல்லை, இன்னும் நிறைய இருக்கு. அளவு பாத்துச் சொல்லு."

"நீ ஓட்டுறியா, என்னப் படிப்பிக்கிறியா?"

லொறி பின்னுக்கு வந்தது. ஹியூபேட் "ஹரி" என்றபோது ஒரு முழம் பிந்திவிட்டது, பின்னால் எதிலோ தட்டியது. பாலசுந்தரம் வலது பக்கம் போக வேண்டும் என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டு, வீதியில் ஏற்றினார். நடந்து போகிறவன் முந்துகிற வேகம்.

"இந்த ஸ்பீட்ல போனா மீன் நாறிப்போகும், பாலா."

"நாறட்டும். வளைவு வருது, பேசாமல் இரு."

சிக்னல் போட்டார். முன்னாலும் பின்னாலும் பனியைத் தவிர ஒரு வாகனமும் இல்லை. சிக்னல் டிக் டிக்கென்று அடித்தது, நீள ஸ்பீக்கரில், அவருடைய வலது காதுப் பக்கம். மெசினிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.